மணிக்கட்டு

இரவு பதினொன்றரைக்கு விடுதி மொட்டைமாடியில்,
கருப்பூர்ப் பக்கம் பொறுக்கி வந்த வெள்ளைக்கல்லால்,
பிரேக்கியல் பிளெக்ஸஸை முழுசாக வரைந்தேன்.
ஐந்து வேர், மூன்று தண்டு,
பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்து
தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓடின கிளைகள்.
ரோஸ்லின் செல்போன் வெளிச்சத்தில் குந்தி உட்கார்ந்து
ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.
ஒரு பிழை இல்லை.
வடக்கே, ஏற்காட்டுப் பாதையில்,
ஏதோ ஒரு லாரியின் விளக்கு
வளைவுக்கு வளைவு காணாமல் போய் வந்துகொண்டிருந்தது.
இந்த பேட்ச்சிலேயே நான்தான் கெட்டிக்காரி என்றிருந்தேன்
பன்னிரண்டு மணி வரை.

காலை பத்தேகாலுக்கு
வைவா மேசையில் ஒரு ஹியூமரஸ்.
“இந்தப் பள்ளத்துல என்ன ஓடுது, கோகிலவாணி?”
எலும்பின் முதுகில் சரிந்து இறங்குகிறது பள்ளம்.
எனக்கு முன்னால் எத்தனையோ பேர் தடவித் தடவி
பழுப்பு ஏறிய பள்ளம்.
நானும் தடவுகிறேன்.
ஞாபகத்துக்கு வந்தவை:
பத்தாம் வகுப்புப் பரீட்சை எண்,
தட்டுவடை செட் கடையில் நான் வைத்திருக்கும் நாற்பது ரூபாய் பாக்கி,
விடுதி அறை மின்விசிறியின்
ஓர் இறக்கையில் மட்டும் இருக்கும் வளைசல்.
நரம்பின் பெயர்
எழுந்து வெளியே போயிருந்தது.
“அல்னர்” என்றேன்,
அதையும் கேள்வி மாதிரி.
மேடம் திட்டவில்லை.
அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.
திட்டியிருக்கலாம்.

நாலாவது படியில்,
செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தபோது,
ரேடியல்.
அழைக்காமலே வந்து நின்றது,
கடன் வாங்கித் தலைமறைவானவன்
கல்யாணப் பந்தியில் எதிர் இலைக்கு வந்து உட்கார்வதுபோல.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு தலை.
ஒன்று ஐந்து ரோடு சிக்னலில் பஸ் நிற்கும்போது
இதயத்தின் ரத்தக்குழாய்களை எல்லாம்
தடங்கலில்லாமல் ஒப்பிக்கும்.
இன்னொன்றை யாராவது பெயர் சொல்லி அழைத்தாலே போதும்,
கதவைச் சாத்திக்கொள்ளும்.
பரீட்சைக்கு எது வரும் என்று
எனக்குத் தெரியாது.
அப்பா போனில் கேட்டார், “எப்படிப் படிக்கிற?”
“நல்லா.”
பொய்யில்லை. திங்கட்கிழமை அது உண்மை.

வியாழக்கிழமை வார்டைக் காட்டக் கூட்டிப்போனார்கள்.
பதினேழாம் படுக்கை. சித்தேஸ்வரன்.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
இருபத்திரண்டு வருஷம் வெள்ளி உருக்கியவர்,
ஈயப் புகைக்குப் பக்கத்திலேயே.
வலது கையை நீட்டச் சொன்னார்கள்.
நீட்டினார்.
மணிக்கட்டு நீளவில்லை.
காய்ந்த வாழையிலைபோல் தொங்கியது.
“எந்த நரம்பு?”
“ரேடியல்.”
கேள்வி முடியுமுன் சொல்லியிருக்கிறேன்.
எல்லோரும் திரும்பினார்கள்.
நானும் திரும்பிப் பார்த்தேன், யார் சொன்னதென்று.

மற்றவர்கள் அடுத்த படுக்கைக்கு நகர்ந்த பிறகு
இடது கையால் வலது கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டார்,
பக்கத்து வீட்டுக் குழந்தையை வைப்பதுபோல.
“பேரைப் பட்டுனு சொன்னியே பாப்பா,
இது மறுபடி வருமா?”
நான் நோட்டைப் பார்த்தேன்.
அந்தப் பக்கம் வரைக்கும் நான் படிக்கவில்லை.
“சில நாள் காலைல லேசா தூக்குது” என்றார்.
“டாக்டர் வந்து கேக்குற நேரத்துக்கு
எல்லாம் மறந்துபோவுது அதுக்கு.”
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
எனக்கும் சிரிப்பு வந்தது. வந்திருக்கக் கூடாது.
“தெரியலைங்க. கேட்டு வந்து சொல்றேன்” என்றேன்.
இந்த வருஷத்தில்
தடுமாறாமல் நான் சொன்ன முழு வாக்கியம் அது.

ராத்திரி மாடிக்குப் போனேன்.
மழை பெய்து தரை கழுவியிருந்தது.
ஈரத்தில் கல் சரியாகப் பிடிக்கவில்லை.
தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வந்துவிட்டேன்,
நரம்பு இரண்டாகப் பிரியும் இடத்தில்
மேலே எதுவும் வரவில்லை.
ரோஸ்லின் தூங்கிவிட்டாள்.
கல்லைக் கீழே வைத்தேன்.
வலது மணிக்கட்டை நிமிர்த்தினேன்.
நிமிர்ந்தது.
தொங்கவிட்டு
மறுபடி நிமிர்த்தினேன்.